பள்ளிப் பிள்ளைகளும் மழைக் கணக்கும்

நிலத்துக்குப் பட்டா உண்டு. தீர்வைக்கு ரசீது உண்டு. வாங்கிய கடனுக்கு நோட்டு உண்டு. இவை யாவற்றுக்கும் ஆதாரமாக இருக்கிற மழைக்கு மாத்திரம் பெரும்பாலான கிராமங்களில் எழுத்து மூலமான கணக்கு இல்லை. சென்ற ஐப்பசியில் எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டால், "நல்ல மழை" என்றாவது, "ஏரி நிரம்பிற்று" என்றாவது விடை வருமேயன்றி, இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவரும் இரார். இக்குறையை நீக்குவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஊரிலுள்ள பாடசாலையும், சிரத்தையுள்ள ஓர் உபாத்தியாயரும், ஒரு மழைமானியும் இருந்தால் போதுமானது. இது எவ்வாறு நடைபெறக்கூடும், இதனால் விவசாயிகளுக்கு உண்டாகும் அனுகூலம் யாது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டணத்து மழை ஊர் மழையாகாது

மழையை அளக்கும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில், களஞ்சியத்தின் முன்னே ஒரு முழ அகலமுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கவேண்டுமென்று விதித்திருக்கிறார். சென்னையில் 1792-ஆம் வருஷத்தில் வான ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. 1875-இல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டபின் தேசமெங்கும் மழைமானிகள் ஒரே முறையில் வைக்கப்பட்டன. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் வேலையை மேற்கொண்டனர்.

இது பெரிய முன்னேற்றமே. எனினும் கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். தமிழ்நாட்டின் பரப்பு ஏறக்குறைய 1,30,000 சதுர கிலோமீட்டர். 1,400 மானிகளைச் சமமாகப் பரப்பினாலும், ஒரு மானிக்கு 93 சதுர கிலோமீட்டர் நிலம் பங்காக வரும். ஆடி, ஆவணி மாதங்களில் மாலை வேளையில் இடியுடன் பெய்யும் மழையோ ஓர் ஊரில் கொட்டிவிட்டு அடுத்த ஊரில் தூறலும் போடாமல் போய்விடுவது யாவரும் அறிந்ததே. வரப்புக்கு இப்புறம் நனைந்து அப்புறம் காய்ந்திருந்ததைக் கண்ட விவசாயிகளும் உண்டு.

பெருமழையிலும் இவ்வேற்றுமை மறைவதில்லை. 2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந்தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. அதே நாளில் மீனம்பாக்கத்தில் 35 சென்டிமீட்டரும், நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டருமே பெய்தன. தாம்பரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான். அதற்குள் 14 சென்டிமீட்டர் வித்தியாசம். சில கோடைகளில் மூன்று மாதத்துக்கும் சேர்த்து அவ்வளவு மழை கிடைப்பதில்லை. ஆகையால், தாலுகாத் தலைநகரின் மழையைத் தன் நிலத்தின் மழையென்று எண்ணி விவசாயம் செய்வது பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்துத் தன் வீட்டுச் சோற்றை இறக்குவது போலாகும்.

வடக்குப்பட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும்

ஒரகடத்துக்கு அணித்தேயுள்ள வடக்குப்பட்டு மிகப் பழமையான குடியிருப்பு. 2022-ஆம் வருஷத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்து பார்த்தபோது பண்டை மக்களின் கற்கருவிகள் வெளிப்பட்டன. இப்பகுதி முழுவதும் ஏரிப்பாசனத்தையே நம்பி வாழ்ந்த சீமை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று போகங்களும் ஏரி நீரின் அளவைக் கொண்டே நிச்சயிக்கப்பட்டு வந்தன. ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரிநீரே அடையாற்றின் தலைநீராகிறது.

சென்ற முப்பது வருஷங்களுக்குள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் முதலிய இடங்களில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளும், மின்கருவித் தொழிற்சாலைகளும், சரக்குக் கிடங்குகளும், அகன்ற சாலைகளும் ஏற்பட்டுவிட்டன. நிலத்தின் மேற்பரப்பே மாறிவிட்டபடியால் மழைநீரின் போக்கும் மாறிவிட்டது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய பதினேழரை லட்சம் கன அடி நீர் சேருகிறது. காய்ந்த உழவு நிலமாயின் அதில் பெரும்பகுதியை மண் உறிஞ்சிக்கொள்ளும். மிகுந்த சிறு பகுதியே மெள்ள ஏரிக்கு வந்து சேரும். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாயின் ஏறக்குறைய முழுவதும் உடனே ஓடிவரும். வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தாலோ, அதே நீர் ஏரிக்கு வாராமல் பயிருள்ள நிலத்தில் தேங்கி நிற்கும்.

முன்னோர்கள், "இவ்வளவு மழைக்கு ஏரி இவ்வளவு ஏறும்" என்று அனுபவத்தால் அறிந்து வைத்திருந்த கணக்கு இப்போது பலிப்பதில்லை. புதிய கணக்கு ஒன்று வேண்டியிருக்கிறது. அதை எழுதத் தகுந்த இடம் ஊர்ப் பாடசாலையே. பாடசாலை ஆண்டுதோறும் ஓரிடத்திலேயே இருக்கிறது. உபாத்தியாயர் மாறினாலும் பதிவேடு மாறுவதில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகள் போனால் அடுத்த வகுப்பார் வருகிறார்கள்.

மழைமானி செய்யும் விதம்

மழையை அளப்பதன் தத்துவம் எளிது. பெய்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் தரையில் அப்படியே நின்றால் எவ்வளவு ஆழம் நிற்குமோ அதுவே மழையளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஓர் ஏக்கரில் அதுவே 4,047 லிட்டராகும்.

வானிலை இலாகாவார் உபயோகிக்கும் மாதிரியில் செய்த மானிகள் விலைக்குக் கிடைக்கின்றன. அது இயலாதபோது பிள்ளைகளே செய்துகொள்ளலாம். வாயின் உட்குறுக்களவு 11.3 சென்டிமீட்டர் உள்ள புனல் ஒன்றை ஒரு குப்பியின்மேல் பொருத்த வேண்டும். அவ்வளவுள்ள வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டராகும். ஆதலால் குப்பியில் சேர்ந்த நீரை, மருந்துக் கடைகளில் விற்கும் மில்லிலிட்டர் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, 10 மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை என்று எழுதிவிடலாம். 235 மில்லிலிட்டர் இருந்தால் மழை 23.5 மில்லிமீட்டர். குப்பி சிறியதாயின் பெருமழையில் நிரம்பி வழிந்து கணக்குக் கெட்டுவிடும். ஆகையால் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் கொள்ளும் குப்பியை, காற்றில் சாயாதபடி தரையில் பாதி புதைத்து வைப்பது உத்தமம்.

ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதுவே நல்ல கணக்குப் பாடமாகும். வாயின் குறுக்களவு 12 சென்டிமீட்டரும் குப்பியின் குறுக்களவு 6 சென்டிமீட்டரும் இருந்தால், குப்பியில் 4 மில்லிமீட்டர் உயர்ந்த நீர் உண்மையில் ஒரு மில்லிமீட்டர் மழையே என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்படி விடவேண்டும். வட்டத்தின் பரப்பைப் புத்தகத்தில் படித்து மறந்துபோகும் பிள்ளை, மழைநீரில் அளந்து கண்டதை மறப்பதில்லை.

வைக்கும் இடமும் பார்க்கும் நேரமும்

மானியை மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைத்தால் மழை தவறாக விழும். பக்கத்திலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இருமடங்கு தூரமாவது தள்ளி வெளியான இடத்தில் வைக்கவேண்டும். மானியின் வாய் தரைக்குமேல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், சாயாமல் சமமட்டமாக இருக்கவேண்டும். சுற்றிலும் சிறு முள்வேலியிட்டால் ஆடுமாடுகள் தட்டிவிடா. தினந்தோறும் இலையும் பூச்சியும் புனலை அடைத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பார்க்கும் நேரம் காலை எட்டரை மணி. தேசமெங்கும் வானிலை நிலையங்களில் ஒரு நாளைய மழை அந்நேரத்தோடு முடித்துக் கணக்கிடப்படுகிறது. பாடசாலையின் கணக்கும் அதே நேரத்தில் எடுக்கப்பட்டால்தான் மற்ற ஊர்க் கணக்கோடு ஒப்பிடமுடியும். முதல் நாள் காலை எட்டரை முதல் இன்று காலை எட்டரை வரை பெய்த மழையை இன்றைத் தேதியில் எழுதவேண்டும். அளவுக் குவளையைச் சமமான இடத்தில் வைத்து, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்து, வளைந்த நீர்ப்பரப்பின் அடிப்பாகத்தைப் பார்த்து அளவைச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை பார்க்க, மற்றொரு பிள்ளை தனியாகப் பார்த்து ஒப்பிட்டபின் எழுதுவதே முறை.

பதிவேட்டைப்பற்றி மூன்று விதிகளை மறவாதிருக்கவேண்டும். முதலாவது, மழை இல்லாத நாளிலும் "0" என்று எழுதவேண்டும். வெறுமனே விட்டால் மழை இல்லையா, பார்க்கவில்லையா என்பது பின்னால் தெரியாது. இரண்டாவது, ஒரு நாள் பாராமல் விட்டுவிட்டால், மறுநாள் கிடைத்த நீரை "இரண்டு நாள் சேர்த்து" என்று குறிக்கவேண்டும். மூன்றாவது, ஒருபோதும் உத்தேசமாக எழுதலாகாது. பார்க்கவில்லை என்று உண்மையாக எழுதிய பிள்ளையை உபாத்தியாயர் கடிந்துகொள்ளக் கூடாது. கடிந்தால் அடுத்த முறை பொய்க் கணக்கு வரும். பத்து நாள் கணக்கு இல்லாத பதிவேடு உபயோகப்படும். எந்தப் பத்து நாள் பொய் என்று தெரியாத பதிவேடு உபயோகப்படாது.

விடுமுறை நாட்களே இவ்வேலைக்குப் பெரிய இடையூறு. மழை ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பெய்யாமல் இருப்பதில்லை. தீபாவளியோ வடகிழக்குப் பருவமழையின் நடுவிலேயே வருகிறது. ஆதலால் பாடசாலைக்கு அருகில் வசிக்கும் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளை விடுமுறைக்கென முன்னதாகவே நியமித்து, அவர்கள் பெயரைப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைப்பது நலம்.

பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாவற்றிலும் முக்கியம். இடி மின்னல் உள்ளபோதும் இரவிலும் பிள்ளைகள் மானியிடம் போகலாகாது. ஏரியின் நீர்மட்டத்தை மதகடியிலுள்ள அளவுகோலில் பார்க்கும் வேலையைப் பெரியவர்களே செய்து, பிள்ளைகளிடம் எண்ணை மாத்திரம் சொல்லவேண்டும்.

ஆர்வலர்களின் உதவி

பாடசாலையோடு நில்லாமல், வானத்தைப் பார்ப்பதில் விருப்பமுள்ள பெரியவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். தொழிற்சாலைகளில் வேலை பார்த்து இப்பகுதியில் குடியிருக்கும் இளைஞர் சிலர் வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகியவற்றைத் தானே பதியும் சிறு கருவிகளை மாடியில் வைத்துக்கொள்ளும் காலம் இது. அக்கருவிகள் நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குத் தரும். ஆனால் ஒரு சருகு அடைத்துக்கொண்டால் பெருமழையிலும் சும்மா இருந்துவிடும். பிள்ளைகளின் கைமானியோ ஒரு நாளைக்கு ஒரே கணக்குத் தந்தாலும் ஏமாற்றுவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டு வந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று காட்டிவிடும்.

தொழிலால் வானிலை அதிகாரியாக இல்லாமலே இத்துறையில் பெயர் பெற்றவர்களும் உண்டு. "தமிழ்நாடு வெதர்மேன்" என்று அறியப்படும் சென்னை பிரதீப் ஜான், வானிலை இலாகாவின் உத்தியோகஸ்தர் அல்லர். பழைய மழைக் கணக்குகளைத் தேடித் திரட்டிய ஆர்வமே அவரை லட்சக்கணக்கானவர்கள் அறியச் செய்தது. இன்று பதிவேட்டில் ஒரு வரி எழுதும் பிள்ளைகளுள் நாளைய வானிலை விற்பன்னர் ஒருவர் இருக்கலாகாதா?

பிற இடங்களின் அனுபவம்

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து போர்ட் காலின்ஸ் நகரில் 1997-ஆம் வருஷம் ஜூலை 28-ந்தேதி பெருவெள்ளம் வந்து ஐவர் மாண்டனர். நகரின் ஒரு பக்கத்தில் 14 அங்குலத்துக்குமேல் மழை கொட்டியிருக்க, சில மைல் தூரத்தில் இரண்டு அங்குலமும் பெய்யவில்லை. அதைக் கண்ட சர்வகலாசாலை வானிலை அறிஞர்கள் மறு வருஷமே பொதுமக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கொண்டு மழையளக்கும் சங்கம் ஒன்றை ஆரம்பித்தனர். அது அத்தேசமெங்கும் பரவி, அந்நாட்டு வானிலை இலாகாவாரே அதன் கணக்கை உபயோகிக்கும் நிலையை அடைந்திருக்கிறது.

கேரளத்தில் பூகோள பாடம் உள்ள இருநூற்றுக்கு மேற்பட்ட மேல்நிலைப் பள்ளிகளில் அரசாங்கத்தாரே வானிலை நிலையங்களை அமைத்திருக்கிறார்கள். மழைமானி, வெப்பமானிகள், காற்றுத் திசைகாட்டி முதலியவற்றை மாணாக்கர் நாள்தோறும் பார்த்து எழுதுகிறார்கள். கோட்டயம் ஜில்லாவில் மீனச்சில் ஆற்றங்கரையோர மக்களும் பிள்ளைகளும் மழையையும் ஆற்றுமட்டத்தையும் அளந்து, மேட்டுப் பகுதியிலிருந்து பள்ளப் பகுதிக்குத் தொலைபேசி மூலம் அறிவித்துக் கொள்கிறார்கள்.

வயநாட்டின் அனுபவம் யாவரும் சிந்திக்கத் தக்கது. அங்கே கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் என்னும் நிறுவனத்தார் விவசாயிகளையும் தோட்டத்தாரையும் ஆர்வலர்களையும் கொண்டு ஏராளமான மழைமானிகளை வைத்துக் கணக்கெடுத்து வருகின்றனர். 2020-ஆம் வருஷத்தில் அவர்கள் கொடுத்த எச்சரிக்கையின்மேல் முண்டக்கை என்னும் இடத்தில் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். பின்பு மண் சரிந்தபோது உயிர்ச்சேதம் நேரவில்லை. 2024-ஆம் வருஷம் ஜூலை 29-ந்தேதி காலையில் அருகிலுள்ள புத்துமலையின் மானி ஒரு நாளில் 200 மில்லிமீட்டர் காட்டியது; அன்று காலையே மையத்தார் எச்சரிக்கை விடுத்தனர். மறுநாட் காலைக்குள் மேலும் 372 மில்லிமீட்டர் பெய்தது. 30-ந்தேதி விடியுமுன் முண்டக்கையும் சூரல்மலையும் மண்சரிவில் அழிந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அளப்பது மாத்திரம் போதாது என்பதே இவ்விரண்டு வருஷங்களின் பாடம். எவ்வளவு மழை ஆனால், யார் யாருக்குச் சொல்ல வேண்டும், சொன்னபின் அவர் என்ன செய்யவேண்டும் என்பது மழை வருமுன்பே நிச்சயிக்கப்பட்டிருக்கவேண்டும்.

கிராம அதிகாரிகளும் விவசாயிகளும் செய்யவேண்டியவை

வானிலை இலாகாவார் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைக் கனமழையென்றும், 115.6-க்கு மேற்பட்டதை மிகக் கனமழையென்றும், 204.5-க்கு மேற்பட்டதை அதி கனமழையென்றும் வகுத்திருக்கிறார்கள். பாடசாலை மானி கனமழையைக் காட்டியவுடன் கிராம நிருவாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் தகவல் போகவேண்டும். மிகக் கனமழையாயின் கலங்கலையும் கரையையும் பார்க்க ஆள் அனுப்பி, கீழ் ஏரிக்காரர்களுக்கும் சொல்லவேண்டும். தொடர்ந்து பெய்யும்போது, பாடசாலைக்கருகில் வசிக்கும் பெரியவர் ஒருவர் மூன்று மணிக்கொரு முறை பகலில் மானியைப் பார்த்து, அளந்த நீரைச் சேர்த்துக் கணக்கிடுவது நலம்.

பதிவேட்டில் மழைக்கு ஒரு பத்தியும், ஏரி மட்டத்துக்கு ஒரு பத்தியும் பக்கத்திற் பக்கமாக இருக்கட்டும். மூன்று நான்கு வருஷங்களில் அவ்விரண்டு பத்திகளே பல உண்மைகளைச் சொல்லும். அதே மழைக்கு ஏரி முன்போல் ஏறவில்லையாயின், வரத்துக் கால்வாய் எங்கோ அடைபட்டிருக்கிறது. முன்னிலும் விரைவாக ஏறுமாயின், நீர்ப்பிடிப்பில் கட்டடங்கள் பெருகி நீர் நில்லாமல் ஓடிவருகிறது. கால்வாயைத் தூர்வாரவேண்டுமென்று மனுச் செய்யும் ஊரார், "தண்ணீர் வரவில்லை" என்று வாயாற் சொல்வதைவிடத் தேதி வாரியான கணக்கைக் காட்டினால் அதற்கு வலிமை அதிகம். பயிர்ச்சேத மனுவுக்கும் இது சட்டப்படியான அத்தாட்சியாகாவிடினும், விசாரணைக்கு வரும் அதிகாரிக்கு நல்ல துணையாகும்.

விவசாயியின் அன்றாட வேலைக்கும் இது உதவும். 25 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட லிட்டர் நீரைத் தருகிறது. வினாடிக்கு எட்டு லிட்டர் இறைக்கும் பம்பு மூன்றரை மணி நேரம் ஓடினால்தான் அவ்வளவு நீர் வரும். இதை அறிந்தவர் மழைக்கு மறுநாள் வீணாகப் பம்பை ஓட்டார். மழை தொடரும் அறிகுறியிருந்தால் யூரியா மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் நிறுத்திவைப்பார். இரவுக் குளிரும் பனியும் ஈரப்பதமும் பல நாள் நீடித்திருப்பதைப் பதிவேட்டிற் கண்டவர் நெற்பயிரில் குலைநோய் தோன்றுகிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்வார்.

முதியோரின் அனுபவமும் இதனால் பயன்படும். "ஒரு உழவு மழை", "இரண்டு உழவு மழை" என்று மண்ணைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் இன்னும் முற்றும் மறையவில்லை. ஒவ்வொரு மழைக்கும் பிள்ளைகள் முதிய விவசாயி ஒருவரிடம் சென்று, "இது எத்தனை உழவு மழை?" என்று கேட்டு, அவ்விடையையும் மில்லிமீட்டர் கணக்கின் பக்கத்தில் எழுதட்டும். எறும்பு முட்டை கொண்டு மேடேறியதையும், ஈசல் பறந்ததையும், தவளை கத்தியதையும் எழுதட்டும். அவற்றின்பின் மழை வந்ததா இல்லையா என்பதையும் எழுதினால், முன்னோர் சொல்லில் எது எவ்வளவு பலிக்கிறது என்று சில வருஷங்களில் தானே தெளிவாகும். அந்த ஊர் மண்ணில் ஓர் உழவு மழை என்பது எத்தனை மில்லிமீட்டர் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். இவ்விஷயத்தை எந்தப் பட்டணத்து நிலையமும் ஊராருக்குச் சொல்ல இயலாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் மானியை வைத்து, பதிவேட்டுக்கு ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை தொடங்கியதாகும். மாத முடிவில் மொத்த மழையைப் பாடசாலைச் சுவரிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் எழுதிப்போடட்டும். அதைப் படிக்க நாலு பேர் நின்றால், மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் தாமே மானியண்டை வந்து நிற்பார்கள்.